டோரதி மக்கார்டில் வரலாற்றாசிரியரா, கட்சிக்காரரா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறீர்கள். டோரதி மக்கார்டில் 1937இல் வெளியிட்ட 'ஐரிஷ் குடியரசு' என்ற பெரிய நூலிலிருந்து பல மேற்கோள்களை எடுத்திருக்கிறீர்கள். உங்கள் வழிகாட்டி அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, "இவர் பேய்க்கதை எழுதியவர், வரலாற்றாசிரியர் அல்ல, இது டி வலேராவின் கட்சிப் பிரசாரம்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். (டி வலேரா அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர், பின்னாளில் அயர்லாந்தின் பிரதமர்.) அது சரியா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த அம்மையார் வரலாற்றாசிரியர் என்ற பெயருக்கு உரியவரா என்பது ஒன்று. அவர் எழுதியதை எவ்வளவு தூரம் நம்பி மேற்கோள் காட்டலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. எந்தப் பக்கத்தில் எதைப் பற்றி எழுதுகிறார் என்று பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் 27 ஆண்டுகள் நவீன ஐரோப்பிய வரலாறு கற்பித்தேன். நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகள் அயர்லாந்திலிருந்து எப்படி வந்து சேர்ந்தன என்பதுதான் என் ஆய்வுப் பொருள். அதற்காக 1937ஆம் ஆண்டு டப்ளின் விவாதங்களைப் படிக்கப் போனபோதுதான் மக்கார்டில் என்ற பெயரை முதன்முதலில் பார்த்தேன். என் எல்லைகளும் உண்டு. எனக்கு ஐரிஷ் மொழி தெரியாது. டப்ளின் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து தாள் புரட்டியதில்லை. அச்சில் வந்தவையும் இணையத்தில் திறந்துவிடப்பட்டவையுமே நான் படித்தவை.

மக்கார்டில் 1889இல் டண்டாக் நகரத்தில் பிறந்தார். தந்தை அந்த ஊரின் பெரிய பீர் ஆலை முதலாளி, அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்ற மிதவாதி, பின்னாளில் பிரிட்டிஷ் அரசிடம் சர் பட்டம் பெற்றவர். தாய் ஆங்கிலேயர், பேரரசின் மீது பற்றுள்ளவர். தம்பிகளில் ஒருவர் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து 1916 ஜூலையில் சோம் போர்க்களத்தில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி நடந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடுகள் இருந்தன என்றே சொல்லலாம். குடியரசுவாதம் இவருக்குப் பிறப்போடு வந்ததல்ல, வீட்டை மீறி இவரே தேர்ந்துகொண்டது. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மதம் மாறியவருக்கு இருக்கும் உறுதி இவர் எழுத்தில் இருக்கிறது. அது அவருடைய பலமும் பலவீனமும் ஆகும்.

டப்ளினில் அலெக்ஸாண்ட்ரா கல்லூரியில் படித்தார். 1912இல் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, தான் படித்த அலெக்ஸாண்ட்ரா கல்லூரியிலேயே ஆசிரியரானார். அது பிரிட்டனோடு இணைந்திருப்பதை விரும்பிய புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் கல்லூரி. அங்கே பாடம் நடத்திக்கொண்டே, குமன் நா மான் என்ற பெண்கள் போராட்ட அமைப்பிலும் செயல்பட்டார். வரலாற்றில் முறையான பட்டம் இவருக்கு இல்லை என்பது உண்மை. உங்கள் வழிகாட்டி சொல்வதில் அந்த ஒரு அம்சம் சரி.

1921 டிசம்பர் 6 அன்று பிரிட்டனுக்கும் ஐரிஷ் பிரதிநிதிகளுக்கும் இடையே லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இவர் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தது. அயர்லாந்துக்குச் சுதந்திர அரசு கிடைத்தது. ஆனால் குடியரசு இல்லை. உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். வடக்கே ஆறு மாவட்டங்கள் ஏற்கெனவே தனி நாடாளுமன்றத்தோடு பிரிந்து நின்றன. 1922 ஜனவரி 7 அன்று ஐரிஷ் நாடாளுமன்றம் 64க்கு 57 என்ற வாக்கில் உடன்படிக்கையை ஏற்றது. அவையில் இருந்த 6 பெண் உறுப்பினர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஜூன் மாதம் உள்நாட்டுப் போர் மூண்டது. நேற்றுவரை ஒரே பதுங்குகுழியில் படுத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். மக்கார்டில் உடன்படிக்கை எதிர்ப்பாளர்களின் பிரசுரப் பணியில், எர்ஸ்கின் சில்டர்ஸின் கீழ் வேலை செய்தார். 1922 நவம்பரில் கைதாகி மவுண்ட்ஜாய் சிறைக்குப் போனார். சிறையில் இருந்தபோதே கல்லூரி வேலை பறிபோனது. அந்தக் குளிர்காலத்தில்தான் சில்டர்ஸ் சுதந்திர அரசால் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோரி ஓ'கானர், லியம் மெல்லோஸ், ஜோ மெக்கெல்வி, டிக் பாரெட் என்ற நான்கு பேரை டிசம்பர் 8 அன்று மவுண்ட்ஜாய் சிறைக்குள்ளேயே, விசாரணை எதுவும் இல்லாமல், பழிக்குப் பழியாகச் சுட்டார்கள். 1923 ஏப்ரல் 30 அன்று கில்மெய்னம் சிறையிலிருந்து பெண் கைதிகளை அடித்து இழுத்து வேறிடத்துக்கு மாற்றிய இரவைப் பற்றி இவரே நேரில் கண்டதை எழுதியிருக்கிறார். இவருடைய சொந்தக் காயம் இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

இனி அயர்லாந்தின் தென்மேற்கு மாவட்டமான கெர்ரிக்கு வருகிறேன். பெரிய நூலைவிட 1924இல் வந்த ஒரு சிறு நூலைத்தான் இவருடைய வரலாற்றாசிரியத் தகுதிக்கு முதல் சான்றாக வைப்பேன். 'கெர்ரியின் துயரங்கள்' என்பது அதன் பெயர். 1923 மார்ச் 6 அன்று, நாக்னகோஷல் என்ற இடத்தில், உடன்படிக்கையை எதிர்த்த குடியரசுப் படையினர் வைத்த பொறிக் கண்ணிவெடியில் அரசுப் படையினர் 5 பேர் இறந்தார்கள். மறுநாள், மார்ச் 7 விடிவதற்கு முன், டிரலி நகரில் அடைத்துவைத்திருந்த 9 கைதிகளைப் பாலிசீடி என்ற சாலைச் சந்திப்புக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணிவெடியைச் சுற்றி நிறுத்தி, ஒருவரோடு ஒருவரைக் கட்டி, வெடிக்கச் செய்தார்கள். 8 பேர் சிதறினார்கள். ஸ்டீபன் ஃபுல்லர் என்பவர் மட்டும் வெடியின் வேகத்தில் தூக்கியெறியப்பட்டு, உயிரோடு தப்பினார். உடல்களை எண்ண முடியாத நிலை. அதனால் 9 சவப்பெட்டிகளைத் தயார் செய்திருந்தார்கள். கைதிகள் சாலைத் தடையை அகற்றும்போது எதிரிகள் வைத்திருந்த வெடி வெடித்தது என்று இராணுவம் சொன்னது. அதை விசாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பேடி டேலி. கெர்ரியில் அந்தப் படைக்கே தளபதி அவர்தான்! குழு தன் ஆட்களைக் குற்றமற்றவர்கள் என்று சொன்னது.

சிறையிலிருந்து உடல் நலிந்து வெளியே வந்த மக்கார்டில், கெர்ரிக்குப் போய் உயிர் பிழைத்தவர்களிடமும் இறந்தவர்களின் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுதினார். அதே மார்ச் 7 அன்று கில்லார்னி அருகே கவுண்டஸ் பாலத்தில் 4 பேரும், 12 அன்று காயர்சிவீன் பக்கத்தில் 5 பேரும் அதே முறையில் கொல்லப்பட்டதையும் பதிவு செய்தார். நடந்த மறு ஆண்டிலேயே, அதே அரசு ஆட்சியில் இருக்கும்போதே, ஒரு பெண் தனியாக இதைச் செய்தார். ஃபுல்லர் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். தன் கதையை மேடையில் விற்காமல் பல காலம் மௌனமாக இருந்தார். 1980இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத்தான் வாய் திறந்தார். முதுமையில் அவர் சொன்னதன் மையமும் 1924இல் மக்கார்டில் எழுதியதன் மையமும் ஒன்றே. கைதிகள் கட்டிவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதை இன்று கருத்து வேறுபாடுள்ள வரலாற்றாசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இராணுவத்தின் கதைதான் நிற்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1932 தேர்தலில் தோற்ற அரசு, பதவியிலிருந்து இறங்கும் முன், உள்நாட்டுப் போர்க்கால உளவுத் தகவல்களையும் இராணுவ நீதிமன்றத் தாள்களையும் மரணதண்டனைக் கோப்புகளையும் எரித்துவிட உத்தரவிட்டது. அந்த உத்தரவின் தேதியும் மார்ச் 7. பாலிசீடி நடந்து சரியாக 9 ஆண்டுகள். 1922 ஜூன் இறுதியில் நீதிமன்றக் கட்டடம் தகர்ந்தபோது பொது ஆவணக் காப்பகம் எரிந்து பல நூற்றாண்டுத் தாள்கள் சாம்பலானதை எல்லோரும் சொல்வார்கள். இந்த இரண்டாவது நெருப்பைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அரசின் தாள் எரிந்த இடத்தில், தெருவில் நடந்துபோய்க் கேட்டு எழுதிய ஒருவரின் புத்தகம் மூல ஆவணமாகவே ஆகிவிடுகிறது. பேய்க்கதை எழுதியவர் என்று இதை ஒதுக்க முடியாது.

ஆனால் அந்தச் சிறு நூலிலும் குறை உண்டு. முந்தைய நாள் நாக்னகோஷலில் இறந்த 5 பேருக்கு அவர் எழுத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை. அவர்களுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள். பாலிசீடியை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனாலும் மார்ச் 6 தெரியாமல் மார்ச் 7 புரியாது. மக்கார்டில் எழுதியதில் பொய் இருக்கிறதா என்று தேடினால் அதிகம் கிடைக்காது. அவர் எங்கே மௌனமாகிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.

பெரிய நூலைப் பார்ப்போம். 1920களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு. டி வலேரா ஊக்கம் கொடுத்தார், தம்மிடமிருந்த தாள்களையும் பார்க்கக் கொடுத்தார். 1937இல் லண்டனில் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. ஆயிரம் பக்கத்தைத் தொடும் நூல். ஈஸ்டர் எழுச்சி முதல் உள்நாட்டுப் போர் முடிவு வரை, 1916 முதல் 1923 வரையான ஆண்டுகளை மாத வாரியாக, சில இடங்களில் நாள் வாரியாகவே சொல்லிக்கொண்டு போகிறது. பின்னிணைப்பில் குடியரசுப் பிரகடனம், உடன்படிக்கையின் வாசகம், அதற்கு மாற்றாக டி வலேரா முன்வைத்த 'இரண்டாம் ஆவணம்' என்று முழு வாசகங்களும் இருக்கின்றன. நூலின் துணைத் தலைப்பிலேயே 'ஆவணச் சான்றுடன் கூடிய' என்று போட்டுக்கொண்டவர், அந்தச் சொல்லுக்கு நேர்மையாக இருந்தார் என்பது என் கணிப்பு. நாடாளுமன்ற விவாதங்களிலிருந்து அவர் எடுத்த பகுதிகள் பலவற்றை நான் மூலத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன். வாசகத்தைத் திரித்ததாக ஒரு இடத்தையும் நான் காணவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார் என்பது வேறு விஷயம்.

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இதை எழுதாமல் ஒரு பத்திரிகையாளர் ஏன் எழுத நேர்ந்தது என்பதையும் யோசியுங்கள். 1930களின் பிற்பகுதியில்தான் அயர்லாந்தில் வரலாற்றுத் துறை தன்னை ஓர் அறிவியலாக ஒழுங்குபடுத்திக்கொண்டது. வரலாற்றாசிரியர்களான டி.டபிள்யூ.மூடியும் ராபின் டட்லி எட்வர்ட்ஸும் 1938இல் தொடங்கிய ஆய்விதழ், 1900க்குப் பிந்தைய அரசியலைத் தொடுவதில்லை என்று ஒதுங்கியே நின்றது. காயம் ஆறாத நாட்டில் அது விவேகமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அதன் விளைவு என்ன? நாட்டைப் பிறப்பித்த ஆண்டுகளைப் பற்றி எழுதுகிற பொறுப்பு அதில் கலந்துகொண்டவர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. மறுதரப்பிலும் அப்படித்தான். உடன்படிக்கையை ஆதரித்த பி.எஸ்.ஓ'ஹெகார்ட்டி 1924இல் எழுதிய நூலில், அரசியலில் இறங்கிய பெண்களை வெறிபிடித்த பழிவாங்கும் தேவதைகளாகச் சித்திரித்தார். அவரை யாரும் வரலாற்றாசிரியர் அல்ல என்று ஓரத்தில் எழுதுவதில்லை. மக்கார்டிலுக்கு மட்டும் அந்த அளவுகோல் ஏன்?

எவற்றை நம்பலாம், எவற்றில் சந்தேகம் வேண்டும் என்று என் அனுபவத்தில் பிரித்துச் சொல்கிறேன். தேதி, வாக்கு எண்ணிக்கை, அவையில் பேசப்பட்டது, பத்திரிகையில் வந்தது, பகிரங்கமாக வெளியான அறிக்கை ஆகியவற்றுக்கு அவரை நம்பலாம். சிறைகளில் நடந்தது, 1922-23 மரணதண்டனைகள் ஆகியவற்றுக்கு அவர் பெரும்பாலும் உறுதியான சாட்சி. உடன்படிக்கை பேச லண்டன் போன ஐரிஷ் தூதுக்குழுவின் மைக்கேல் காலின்ஸும் ஆர்தர் கிரிஃபித்தும் எந்த எண்ணத்தில் கையெழுத்திட்டார்கள் என்று அவர் சொல்லும்போது நிதானித்துப் படியுங்கள். 1921 அக்டோபரில் டி வலேரா தான் லண்டன் போகாமல் மற்றவர்களை ஏன் அனுப்பினார் என்ற கேள்விக்கு, டி வலேராவே கொடுத்த விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தக் கேள்வி இன்றும் ஆறவில்லை. 1922 மார்ச்சில் டி வலேரா பேசிய பேச்சுகள், சுதந்திரத்தை அடைய ஐரிஷ் ரத்தத்திலேயே நடந்துபோக வேண்டியிருக்கும் என்றவை, தூண்டுதலா எச்சரிக்கையா என்பதிலும் அவர் டி வலேரா தரப்பின் பக்கமே சாய்கிறார். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தாள்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. அதனால் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவரால் ஊகிக்கத்தான் முடிந்தது. போராளிகளிடம் அரசு 1947 முதல் 1957 வரை எழுதி வாங்கிய 1,773 வாக்குமூலங்கள் 2003இல்தான் பொதுவுக்கு வந்தன. இன்று அவற்றை நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே கிராமப்புறத்துக் கொரில்லாப் போர் பற்றிய அத்தியாயங்களை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

வடக்கைப் பற்றி எழுதும்போதுதான் அவர் மிகவும் தடுமாறுகிறார். இதில் என்னுடைய தவறையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நான் வகுப்பில், பிரிவினை என்பது லண்டன் வகுத்த சூழ்ச்சி, அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் புராட்டஸ்டண்டுகள் அதன் கருவிகள் என்றே பாடம் நடத்தினேன். அது அப்படியே மக்கார்டிலின் நூலிலிருந்து நான் வாங்கிக்கொண்டது. தேசப் பிரிவினையை அனுபவித்த நாட்டு மாணவர்களுக்கு அந்த விளக்கம் உடனே பிடித்தும்போகும். 1912 செப்டம்பரில் தன்னாட்சியை எதிர்த்து அல்ஸ்டரில் எடுக்கப்பட்ட உறுதிமொழியில் 4,71,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள், அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள் என்ற விவரத்தைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அத்தனை பேரைக் கருவிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்களுடைய அச்சம் நியாயமானதா என்று வாதிடலாம், ஆனால் அது அவர்களுடையது. மக்கார்டிலின் ஆயிரம் பக்கங்களில் அந்த மக்கள் முகம் இல்லாதவர்களாகவே வருகிறார்கள். நான் பாடத்தைத் திருத்திக்கொண்டேன். அதற்கு முன் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது டி வலேராவின் குரல் என்ற குற்றச்சாட்டு. 1926இல் டி வலேரா ஃபியன்னா ஃபால் கட்சியைத் தொடங்கியபோது மக்கார்டில் அதன் முதல் செயற்குழுவில் இருந்தார். டி வலேரா நடத்திய 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழிலும் எழுதினார். இருவரும் சாகும்வரை நண்பர்கள். மறைக்க எதுவுமில்லை. ஆனால் 1927இல் டி வலேரா அந்த உறுதிமொழி ஏட்டில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, மக்கார்டில் செயற்குழுவிலிருந்து விலகினார். அதைவிடப் பெரிய சான்று 1937. நூல் வெளிவந்த அதே ஆண்டு டி வலேரா புதிய அரசியலமைப்பின் வரைவைக் கொண்டுவந்தார். 1922 அரசியலமைப்பு குடிமக்களின் உரிமையைச் சொல்லும் இடத்தில் 'பாலின வேறுபாடின்றி' என்று சொல்லியிருந்தது. வரைவில் அந்தச் சொற்கள் இல்லை. பதிலாக, வீட்டுக்குள் பெண் வாழும் வாழ்வு நாட்டுக்குத் துணை, பொருளாதாரத் தேவையால் தாய்மார்கள் வீட்டுக் கடமையை விட்டு வேலைக்குப் போகும் நிலை வராமல் அரசு முயலும் என்ற வாசகம் வந்தது. மக்கார்டில் டி வலேராவுக்கே எழுதினார்: பெண்ணுரிமையில் முற்போக்கான கருத்துள்ள எவரும் இதை ஆதரிக்க முடியாது, நாட்டுப் போராட்டத்தில் விசுவாசமாக உழைத்தவர்களுக்கு இது துயரமான இக்கட்டு. தலைவரின் முன்னுரையோடு நூல் வெளிவரும் ஆண்டில், ஆட்சியில் இருக்கும் அந்தத் தலைவருக்கு இப்படி எழுதுகிறவரைக் குரல் என்று எப்படிச் சொல்வது? பல்கலைக்கழகக் கல்லூரியில் நவீன ஐரிஷ் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த மேரி ஹேடனும் அந்த எதிர்ப்பில் முன்னால் நின்றார். எழுத்தாளராக இருந்த வரலாற்றாசிரியரும், நாற்காலியில் இருந்த வரலாற்றாசிரியரும் ஒரே பக்கம்.

எதிர்ப்பு கொஞ்சம் பலித்தது. குடியுரிமை, வாக்குரிமை ஆகிய இடங்களில் 'பாலின வேறுபாடின்றி' என்ற பொருள் திரும்பி வந்தது. பெண்களின் போதாத வலிமை என்று வரைவில் இருந்த சொற்கள் நீக்கப்பட்டன. ஆனாலும் 45ஆம் பிரிவில், குடிமக்கள் தங்கள் பாலினத்துக்கும் வயதுக்கும் வலிமைக்கும் பொருந்தாத தொழிலில் இறங்கும் கட்டாயம் வரக்கூடாது என்ற வாசகம் தங்கிவிட்டது. என் ஆய்வு இங்கேதான் அவருடைய வாழ்க்கையோடு சந்தித்தது. நம் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் 1947இல் டப்ளினுக்குப் போய் டி வலேராவையும் சந்தித்தார். நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவின் ஐந்தாம் உட்கூறை எடுத்துப் பாருங்கள். அயர்லாந்தின் வாசகம் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் அங்கே இருக்கிறது. வயது இருக்கிறது, வலிமை இருக்கிறது. பாலினம் என்ற சொல் மட்டும் இல்லை. டப்ளினில் மக்கார்டிலும் தோழியரும் எந்தச் சிந்தனையை எதிர்த்தார்களோ, அதன் சுவடு இந்திய வாசகத்தில் அந்த ஒரு சொல் அளவுக்கு உதிர்ந்துபோயிருக்கிறது. அவர்களுடைய போராட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இடைவெளியை முதலில் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அயர்லாந்திலோ வீட்டுக்குள் பெண் என்ற 41ஆம் பிரிவின் வாசகம் இன்னும் நிற்கிறது. 2024 மார்ச்சில் அதை மாற்ற முன்வைத்த திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் 73.9 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். மாற்றாக வந்த வாசகம் பிடிக்காமல் எதிர்த்தவர்களும் அதில் நிறைய உண்டு.

பேய்க்கதை விஷயம். ஆம், எழுதினார். முதல் தொகுப்பின் கதைகள் சிறையில் எழுதப்பட்டவை, உடன் கைதிகளான பெண்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. 1941இல் எழுதிய ஒரு ஆவி நாவல் 1944இல் ஹாலிவுட்டில் படமாகி நன்றாக ஓடியது. செத்தவர்கள் போகாமல் வீட்டிலேயே தங்கிவிடும் கதைகளை, மரணதண்டனைகள் நடந்த சிறையில் இருந்தவர் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. உங்கள் வழிகாட்டி மறந்துவிட்ட இன்னொரு புத்தகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்ததை மக்கார்டில் ஏற்கவில்லை. நாஜிகளுக்கு எதிராக நிற்க வேண்டும் என்று லண்டன் போய் பிபிசியில் பணியாற்றினார், அகதிகளுக்காக உழைத்தார். எந்தப் பேரரசை எதிர்த்துப் போராடினாரோ அதன் தலைநகரில், குண்டுகள் விழுந்த ஆண்டுகளில் வாழ்ந்தார். போர் முடிந்ததும், நாஜி ஆக்கிரமிப்பில் சிக்கிய நாடுகளின் குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று தேடி எழுதி 1949இல் 'ஐரோப்பாவின் குழந்தைகள்' என்ற நூலை வெளியிட்டார். கெர்ரியில் செய்த அதே வேலை, இம்முறை ஒரு கண்டத்தின் அளவில். இங்கேயும் டி வலேராவின் கொள்கைக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் 1958 டிசம்பரில் டிராகடா மருத்துவமனையில் புற்றுநோயால் இறக்கும் தறுவாயில் அவரைப் போய்ப் பார்த்தவர்களில் டி வலேராவும் ஒருவர். 'ஐரிஷ் குடியரசு' நூலின் வருமானத்தை அவருக்கே உயில் எழுதி வைத்தார் மக்கார்டில். கொள்கையில் முரண்பட்டும் அன்பில் குறையாத அந்த உறவை அடிமைத்தனம் என்று படிப்பது சோம்பேறித்தனம்.

உங்கள் ஆய்வேட்டுக்கு வருகிறேன். அடித்த மேற்கோள்களை மொத்தமாகத் திரும்பச் சேர்க்காதீர்கள். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள். நாடாளுமன்ற உரை, அறிக்கை போன்றவற்றை அவர் வழியாக எடுத்திருந்தால், மூலமே இணையத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சரிபார்த்து மூலத்தையே காட்டுங்கள். கெர்ரி, சிறைகள், மரணதண்டனைகள் பற்றியவற்றை அவர் பெயரிலேயே, சமகாலச் சாட்சியம் என்ற குறிப்போடு வையுங்கள், நாக்னகோஷலையும் சேர்த்து. உடன்படிக்கை யாருடைய பிழை, பிரிவினை யாருடைய சூழ்ச்சி என்ற இடங்களில், 'மக்கார்டிலின் கருத்தில்' என்று தொடங்கி, எதிர்த்தரப்பு நூல் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்துங்கள். உடன்படிக்கை எதிர்ப்பாளர்கள் தங்கள் தோல்வியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு அத்தியாயம் எழுதினால், அதற்கு இந்த நூலைவிடச் சிறந்த மூலம் கிடைக்காது. வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது நூலுக்கு டி வலேரா எழுதிய முன்னுரையைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். இதிலுள்ள விளக்கங்களும் முடிவுகளும் மக்கார்டிலுடையவை, எந்தக் கட்சியின் கொள்கையும் அல்ல, பல இடங்களில் தம் கருத்தோடு அவை ஒத்துப்போகவில்லை என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார்.